கருந்தேயிலையும் வெண்தேயிலையும்: நெல்லையில் ருசி பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் கூடுகிறோம். பாலும் சீனியும் இல்லாமல் தேயிலை ருசி பார்ப்பதுதான் வேலை. புதிதாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் தேயிலை வியாபாரி இல்லை, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். அபிப்பிராயங்களை அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

வெள்ளை டீ என்றால் பால் டீதானே?

வண்ணார்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில் விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன். "அண்ணாச்சி, ஒரு வெள்ளை டீ." அவர் பாலைக் கூட்டி, டிகாக்‌ஷனைக் குறைத்து, லைட்டாக ஒன்று போட்டுத் தந்தார். அவர்மேல் தப்பே இல்லை. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

இங்கே பேசுவது இலையைப் பற்றி. காய்ந்த இலை கறுப்பாக இருப்பது கருந்தேயிலை. மொட்டின் மேல் பூனைமுடி போல வெள்ளையாகப் படர்ந்திருப்பது வெண்தேயிலை. கிளாஸில் ஊற்றிப் பார்த்தால் இரண்டு பெயருமே பொய். கறுப்பு என்கிறது செக்கச்செவேல் என்று இருக்கும். சீனர்கள் அதைச் சிவப்புத் தேநீர் என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளை என்கிறது புது வைக்கோலின் வெளிர்மஞ்சளாக இருக்கும்.

இரண்டும் வேறு வேறு செடியா?

ஒரே செடி. கமேலியா சினென்சிஸ் என்பது அதன் தாவரப் பெயர். சீன வகை சின்ன இலை, அசாம் வகை பெரிய இலை என்று உட்பிரிவு உண்டு. ஆனால் எந்த வகையிலிருந்தும் கறுப்பும் செய்யலாம், வெள்ளையும் செய்யலாம்.

வித்தியாசம் பறித்த பிறகு நடக்கிற வேலையில் இருக்கிறது. வாழைக்காயை நறுக்கி அப்படியே வைத்தால் கறுத்துப்போகிறதல்லவா, அதற்காகத்தானே மோர்த்தண்ணீரில் போடுகிறோம்? தேயிலையிலும் அதே சங்கதிதான். கருந்தேயிலைக்குக் கொழுந்தை அரை நாளுக்கு மேல் வாட்டி, இயந்திரத்தில் உருட்டிக் கசக்குவார்கள். இலையின் சாறு வெளியே வந்து காற்றுப் பட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் செம்பு நிறத்துக்கு மாறும். அப்புறம் சூடான காற்றில் உலர்த்தி அதை நிறுத்திவிடுவார்கள். இலையில் இருந்த கேட்டச்சின்கள் தியாஃபிளேவின், தியாருபிஜின் என்ற பொருள்களாக மாறியிருக்கும். சிவப்பு நிறம், நாக்கைப் பிடிக்கும் அந்த விறுவிறுப்பு எல்லாம் அவற்றிலிருந்து வருவதுதான்.

வெண்தேயிலையைக் கசக்குவதே கிடையாது. மொட்டை, அல்லது மொட்டோடு ஒன்றிரண்டு இளம் இலையை, தட்டில் பரப்பி இரண்டு மூன்று நாள்கூட வாட்டுவார்கள். பிறகு உலர்த்துவார்கள். அவ்வளவுதான். வேலை குறைவு என்று தோன்றும். ஆனால் மழையும் ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால் அந்த இரண்டு நாளில் எல்லாம் கெட்டுப்போகும். கறுப்பில் ஒரு சின்னக் குறையைச் சூட்டில் ஓரளவு மறைத்துவிடலாம், வெள்ளையில் மறைக்க இடமே இல்லை.

நாம் தினமும் குடிப்பது இதில் எது?

கருந்தேயிலைதான், ஆனால் சி.டி.சி. முறையில் செய்தது. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி, குருணையாக்கும் முறை அது. 1930களில் அசாமில் வந்தது. இன்று இந்தியாவில் செய்யப்படும் தேயிலையில் பெரும்பகுதி அந்தக் குருணையும் டஸ்ட்டும்தான். ரேஷன் கடையில் கிடைக்கும் ஊட்டி டீயும் இந்தக் குடும்பம்.

இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களை எங்கள் மாடியில் உட்கார வைப்பதில்லை. பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த பிறகும் டீ என்று நாக்கில் தெரிய வேண்டுமானால் தூளுக்கு இந்த வலு வேண்டும். ஜங்ஷனில் காலை ஐந்து மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்குகிறவனிடம் வெள்ளை டீயை நீட்டினால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

முதல் ஒப்பீட்டுக்கு என்ன வாங்க வேண்டும்?

முடிந்தால் ஒரே தோட்டத்தில் செய்த கறுப்பும் வெள்ளையும். நீலகிரியில் இரண்டையும் செய்கிற தோட்டங்கள் இருக்கின்றன. மண், செடி, மழை மூன்றும் ஒன்றாக இருந்தால், கிளாஸில் தெரியும் வித்தியாசம் முழுக்கக் கைவேலையுடையது என்று சந்தேகமில்லாமல் தெரியும். அசாம் கறுப்பையும் சீன வெள்ளையையும் முதல் நாளே பக்கத்தில் வைத்தால் எது எதனால் என்று பிரிக்க முடியாது.

கறுப்பில் ஆர்த்தடாக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். இலை முறுக்கி, நீளமாக இருக்கும். இரண்டாவது சுற்றுக்கு அசாமும் டார்ஜிலிங்கும் சேர்க்கலாம். அசாமில் வறுத்த தானிய வாசமும் கனமும் இருக்கும். டார்ஜிலிங்கில் மார்ச், ஏப்ரலில் பறிக்கிற முதல் பறிப்பு லேசானது. அதற்கு அடுத்த பறிப்பில் பச்சைத் தத்துப்பூச்சி கடித்த இலையிலிருந்து ஒரு திராட்சை வாசம் வரும். பூச்சி கடித்ததற்கு விலை கூட என்றால் நம் கத்தரிக்காய் விவசாயிகள் நம்ப மாட்டார்கள்.

வெள்ளையில் மொட்டு மட்டுமே உள்ளதை வெள்ளி ஊசி என்பார்கள். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து ஃபூடிங், ஜெங்ஹே பகுதிகள் அதற்குப் பேர்போனவை. மொட்டோடு இலையும் சேர்ந்தது பாய் முதான், அதாவது வெண்பியோனி. முதலில் இரண்டாவதை வாங்குங்கள். விலையும் குறைவு, ருசியும் சீக்கிரம் பிடிபடும்.

ஒரு தடவை இணையத்தில் மலிவாக ஒரு வெண்தேயிலை வாங்கி ஏமாந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் கல்யாண மண்டபம் மாதிரி வாசனை வந்தது. வெந்நீரில் இரண்டாம் தடவை போட்டபோது வாசனை மொத்தமும் போய், காய்ந்த புல் மட்டும் மிஞ்சியது. நல்ல தேயிலையின் மணம் அப்படி முதல் ஊற்றலிலேயே ஓடிப்போகாது.

தாமிரபரணித் தண்ணீரில் டீ நன்றாக வரும் என்பது உண்மையா?

அல்வாவுக்குச் சொல்கிற அதே பேச்சுதானே என்று நானும் சிரித்தவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று தண்ணீர் வைத்துப் பார்த்தோம். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேனில் கொண்டுவந்த போர் தண்ணீர், கடையில் வாங்கிய கேன் தண்ணீர். தேயிலை ஒன்றே, அளவும் ஒன்றே.

போர் தண்ணீரில் போட்ட கறுப்பு டீ கலங்கி, பழுப்பாக வந்தது. மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஆடை. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து தேயிலைப் பொருள்களோடு சேர்ந்து அந்த ஆடையை உண்டாக்குகிறது. கேன் தண்ணீரில் நிறம் பளிச்சென்று இருந்தது, ருசி மட்டும் கொஞ்சம் தட்டையாக இருந்தது. உப்புக்களை அளவுக்கு மேல் எடுத்துவிட்ட தண்ணீர் அப்படித்தான். ஆற்றுத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நின்று ஜெயித்தது. குளோரின் வாடை அடித்த நாளில் மட்டும் முந்தின இரவே பிடித்துத் திறந்து வைத்துவிட்டோம்.

வெள்ளை டீயில் இந்த வித்தியாசம் இன்னும் கொடுமை. போர் தண்ணீரில் அது தேயிலையாகவே இல்லை. உங்கள் ஊரில் உப்புத் தண்ணீர் என்றால், டீயைக் குறை சொல்வதற்கு முன்னால் நல்ல தண்ணீர் ஒரு குடம் பிடித்து வாருங்கள்.

தண்ணீர் கொதிக்கிற சூடும் ஊருக்கு ஊர் மாறும். நெல்லையில் கிட்டத்தட்ட 100 டிகிரி. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் போனால் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மலைமேல் குடித்த டீ வீட்டில் அதே மாதிரி வரவில்லை என்பவர்களுக்கு இது ஒரு காரணம். குளிர் இன்னொரு காரணம், பசி மூன்றாவது.

ஒப்பிட எப்படிப் போடுவது?

இதற்கென்று உலகத் தரம் ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 3103 என்று பெயர். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, நன்றாகக் கொதித்த தண்ணீர், மூடிபோட்ட வெள்ளைப் பீங்கான், 6 நிமிடம். டீ போடுவதை ஆறு பக்கத்துக்கு எழுதி வைத்ததற்காக, இதன் மூலமான பிரிட்டிஷ் தரத்துக்கு 1999-ல் கேலி நோபல் பரிசே கொடுத்தார்கள். சிரித்துவிட்டு அந்த முறையையே பின்பற்றுங்கள். 6 நிமிடம் ஊறிய டீ குடிக்கச் சுகமாக இருக்காது. குறையெல்லாம் வெளியே வரட்டும் என்றுதான் அவ்வளவு நேரம்.

எங்கள் பழக்கம் இரண்டு சுற்று. முதல் சுற்றில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே அளவு, ஒரே சூடு, ஒரே நேரம். இதில் வெள்ளை பெரும்பாலும் தோற்கும் அல்லது வெளிறித் தெரியும். பரவாயில்லை, இது பரீட்சை. இரண்டாவது சுற்றில் அதனதன் போக்குக்கு விட வேண்டும். கறுப்புக்கு 150 மில்லிக்கு 2 கிராம், கொதித்த தண்ணீர், 3 நிமிடம். வெள்ளைக்கு அதே தண்ணீருக்கு 3 கிராம், 80 முதல் 85 டிகிரி, 4 அல்லது 5 நிமிடம். வெள்ளையைக் கீழே கொட்டிவிடாமல் இன்னும் இரண்டு மூன்று தடவை ஊற்றிக் குடிக்கலாம். எனக்கு இரண்டாவது ஊற்றல்தான் பிடிக்கும்.

ஸ்பூன் கணக்கு இங்கே எடுபடாது. டஸ்ட் ஒரு ஸ்பூன் கனமாக இருக்கும், வெள்ளி ஊசி ஒரு ஸ்பூன் இலவம்பஞ்சு மாதிரி. நகை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெப்பமானி இல்லையென்றால் கொதித்த தண்ணீரை ஒரு சில்வர் செம்பில் மாற்றி, மறுபடியும் இன்னொன்றில் மாற்றினால் கிட்டத்தட்ட சரியாக வரும். ஆற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தையா?

சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டுமா?

ஆமாம். சின்ன வயதில் எதற்கு அடி வாங்கினோமோ அதைத்தான் செய்ய வேண்டும். காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது டீ தூவானமாக வாய் முழுக்கப் பரவி, மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். சளி பிடித்த நாளில் ருசி தெரியாமல் போவதை நினைத்துப் பாருங்கள். ருசி என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் மூக்கின் வேலை.

ஆவி பறக்கும்போது ருசி பார்க்காதீர்கள். நாக்கு சுடுகிற சூட்டில் எல்லா டீயும் ஒன்றுதான். சூடாக ஒன்று, வெதுவெதுப்பாக ஒன்று, ஆறிய பிறகு ஒன்று என்று மூன்று வாய். கடைசி வாய் நிறையச் சொல்லும். ஆறினதும் கனமான அசாம் பால் விட்டதுபோல் கலங்கும். அது கெட்டதில்லை, வலுவின் அடையாளம். நீலகிரி ஆறியும் தெளிவாக நிற்கும், அதனால்தான் ஐஸ் டீக்கு அதைத் தேடுகிறார்கள்.

என்ன ருசி என்று சொல்ல வார்த்தை வரவில்லையே?

வார்த்தை உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது. இந்த இடத்தில் தமிழ் நாக்குக்கு ஒரு சௌகரியம் உண்டு. அறுசுவையில் துவர்ப்பு என்று தனியாக ஒன்றை வைத்திருக்கிறோம். கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்வதுதான் ஆரம்பக்காரர்களின் முதல் தடுமாற்றம். பாகற்காய் கசப்பு. வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, சரியாகப் பழுக்காத நாவற்பழம் துவர்ப்பு. கசப்பு நாக்கில் இருக்கும். துவர்ப்பு நாக்கில் மட்டுமல்ல, கன்னத்தின் உட்பக்கத்தையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கும். நல்ல கறுப்பு டீயில் துவர்ப்பு சட்டென்று வந்து சட்டென்று விட வேண்டும். வந்து உட்கார்ந்துகொண்டால் அதிகம் ஊறிவிட்டது அல்லது இலை முற்றல்.

வெள்ளையை எப்படிப் புரியவைப்பது என்று ரொம்ப நாள் திண்டாடினேன். ஒருநாள் நெல்லிக்காய் கைகொடுத்தது. நெல்லிக்காயைக் கடித்துத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்குமே, அந்த மாதிரி விழுங்கிய பிறகு தொண்டையில் திரும்பி வரும் ஒரு தித்திப்புதான் நல்ல வெள்ளை டீயின் அடையாளம். வாயில் இருக்கும்போது அதைத் தேடினால் கிடைக்காது. விழுங்கிவிட்டு, வாயை மூடி, மூக்கால் மூச்சை விட்டுப் பத்து எண்ணுங்கள்.

மற்றபடி எங்கள் நோட்டில் எழுதியிருப்பதில் சில: கறுப்புக்கு, கருப்பட்டிப் பாகு, காய்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், வறுத்த உளுந்து, மழை பட்ட மரப்பெட்டி. வெள்ளைக்கு, வெள்ளரிப் பிஞ்சு, நுங்குத் தண்ணீர், காய்ந்த மகிழம்பூ, அறுத்துப்போட்ட வைக்கோல், இளங்கரும்பு. பத்தமடைப் பக்கத்து நண்பர் ஒருவர் ஒரு தடவை "புதுப் பாய் வாசம்" என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். ஊரில் இல்லாத பெர்ரிப் பழங்களின் பெயரை எழுதி வைப்பதைவிட இது மேல்.

வெள்ளை டீ எனக்கு வெறும் வெந்நீர் மாதிரிதான் இருக்கிறது. என் நாக்கில் கோளாறா?

இல்லை. அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்? மிளகாய் வற்றல், பூண்டு, ஊறுகாய், வெற்றிலை இவற்றுக்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். இஞ்சித் துவையலோடு சொதிச் சாப்பாடு சாப்பிட்ட அன்று நான் வெள்ளையைத் தொடவே மாட்டேன்.

வரிசையும் முக்கியம். வெள்ளையை முதலில் குடித்துவிட்டுக் கறுப்புக்குப் போங்கள். மாறிப்போனால் வெள்ளை காணாமல் போய்விடும். அப்படியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் தேயிலையைக் கூட்டுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு பலநேரம் கஞ்சத்தனமானது. கிளாஸில் தூசி மாதிரி மிதந்தால் பயப்பட வேண்டாம், மொட்டிலிருந்து உதிர்ந்த அந்தப் பூனைமுடிதான்.

கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க முடியுமா?

கறுப்பையும் வெள்ளையையும் கண்டுபிடிக்க யாராலும் முடியும். சவால் இரண்டு கறுப்புகளுக்கு இடையில். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே டீ, ஒன்றில் வேறு. ஒற்றையைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால் நாலைந்து முறையாவது செய்து பார்த்துத்தான் பாராட்டுவோம்.

1920களில் இங்கிலாந்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா டீயை ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் நாலுக்கு நாலு என எட்டுக் கோப்பையைக் கலைத்து வைத்தார். எட்டையும் தற்செயலாகச் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்புதான். இன்றைய சோதனை முறைகளுக்கெல்லாம் அந்த டீ ஒரு பாடமாகிவிட்டது. எங்கள் மாடியில் எட்டு வைத்தபோது நான் நாலைத் தப்பாகச் சொன்னேன். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

மாஞ்சோலைத் தேயிலையை ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

நெல்லைக்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் பம்பாய் பர்மா நிறுவனம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த மலை அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஐந்து இடங்கள். குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், அங்கே தேயிலை வேலை நின்றுவிட்டது. என் அம்மா வழியில் ஒரு பெரியம்மை நாலுமுக்கில் கொழுந்து பறித்தவர். லைன் வீட்டுக்கு அவர் கொண்டுவரும் தூளில் போட்ட கடுந்தேநீரின் மணம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. யாராவது வீட்டில் பழைய மாஞ்சோலைப் பொட்டலம் இருக்கிறது என்றால் சொல்லுங்கள், ருசி போயிருந்தாலும் மோந்தாவது பார்ப்போம்.

வெள்ளை டீயில் காஃபீன் குறைவாமே? உடம்புக்கு நல்லதாமே?

காஃபீன் இளம் மொட்டில்தான் அதிகம். சூடு குறைந்த தண்ணீரில் போடும்போது கொஞ்சம் குறைவாக இறங்கும், அவ்வளவுதான். ராத்திரி தூக்கம் வராதவர்கள் வெள்ளை என்று நம்பிக் குடிக்க வேண்டாம். உடம்பு இளைக்கும் என்கிற பேச்சுக்கு நான் ஆளில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது.

கருப்பட்டி சேர்க்கலாமா?

ருசி பார்க்கும்போது கூடாது. பார்த்து முடித்த பிறகு அசாமில் ஒரு சின்னத் துண்டு போட்டுக் குடித்தால், அடடா! வெள்ளையில் போடாதீர்கள், கருப்பட்டி மட்டும்தான் மிஞ்சும். கத்திரி வெயிலில் வெள்ளைத் தேயிலையைக் கண்ணாடிப் பாட்டிலில் பச்சைத்தண்ணீர் விட்டு ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் வடிகட்டிப் பாருங்கள். மண்பானையில் ஊற வைக்க வேண்டாம், பானை அந்த வாசத்தை அப்புறம் விடாது.

தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று வீட்டில் பார்க்க முடியுமா?

வடிதாளை நனைத்து அதன்மேல் தூளைத் தூவுங்கள். சுத்தமான தூள் பச்சைத்தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் நிறம் விடாது. சாயம் ஏற்றியது உடனே கறையாகப் பரவும். இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு காந்தத்தை ஓட்டினால் போதும்.

வாங்கியதை எப்படி வைத்திருப்பது?

காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல், அடுக்களைக்கு வெளியே. நான் முதன்முதலில் வாங்கிய நல்ல வெண்தேயிலையைப் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்து நாள் கழித்துப் போட்டுக் குடித்தபோது ரசம் மாதிரி இருந்தது. வீட்டம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். சீனாவில் வெண்தேயிலையை வருடக்கணக்கில் பழக விடுகிறார்கள். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதை முயற்சி செய்தால் பூஞ்சைதான் பிடிக்கும். கொஞ்சமாக வாங்கி, வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கடைசியில் எது உசத்தி? வெள்ளைக்குக் கொடுக்கும் விலை தகுமா?

நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான் தேறும். அதுவும் மொட்டு மொட்டாகக் கையால் கிள்ளியது என்றால் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் வருடம் முழுக்கக் குடிக்க ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் நீலகிரியின் பனிக்கால ஆர்த்தடாக்ஸ் கறுப்பை வாங்குவேன். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் செடி மெதுவாக வளர்வதால் மணம் செறிந்து நிற்கும். பாலில்லாமல் குடிக்கப் பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. வெள்ளை வருடத்துக்கு 50 கிராம் போதும், சத்தமில்லாத சாயங்காலங்களுக்கு.

வருவதென்றால் என்ன கொண்டுவர வேண்டும்?

கோலமோ பூவோ வரையாத ஒரு வெள்ளைக் கப். சென்ட் அடிக்காமல் வாருங்கள். பிச்சிப்பூ வைத்து வருகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதைக் கீழே வீட்டில் சாமி படத்துக்குச் சாத்திவிட்டு மாடியேறலாம். காராச்சேவு, மிக்சர் கொண்டுவருவதைத் தடுக்கவில்லை. கடைசிக் கிளாஸ் முடியும்வரை பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.